சென்சரி ரோய்ஸ் எண்டா என்ன? எதை வாங்கிறது, எதைக் கடையிலயே விட்டுட்டு வாறது?

கொஞ்ச நாளைக்கு முந்தி முல்லைத்தீவுப் பக்கம் மல்லாவியில தங்கச்சியின்ர மகளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை. பிள்ளையைச் சீலை விரிச்சு நடுவில இருத்தி, தலையில கொழுக்கட்டையைக் கொட்டி, முன்னால ஒரு பித்தளைத் தட்டத்தில புத்தகம், பேனை, காப்பு, காசு எல்லாம் வைச்சாச்சு. எல்லாரும் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம், எதைத் தொடப்போறாள் எண்டு. அவளோ உள்ள இருந்த ஒண்டையும் பாக்கேல்ல. தட்டத்தின்ர விளிம்பைப் பிடிச்சு இழுத்தாள், சாமான் எல்லாம் கலகலவெண்டு ஒரு பக்கம் சரிஞ்சுது, அந்தச் சத்தத்துக்கு ஒருக்காத் திடுக்கிட்டாள், பிறகு சிரிச்சுப்போட்டுத் திருப்பி இழுத்தாள், திருப்பி, திருப்பி. ஆறாந்தரமோ ஏழாந்தரமோ பேனை கையில அம்பிட்டுது, நேர வாய்க்க. "பேனை எடுத்திட்டாள், படிப்பாள்" எண்டு அம்மாவுக்குப் பெரிய சந்தோசம்.

அண்டைக்குப் பின்னேரம் தங்கச்சி போனைக் கொண்டுவந்து காட்டினாள், "அக்கா, சென்சரி ரோய்ஸ் எண்டு ஒரே விளம்பரமா வருது, இதில ஒரு செற் எடுப்பமோ, இல்லாட்டி பிள்ளை பின்தங்கிப் போயிடுமோ" எண்டு கேட்டாள். நான் முன்பள்ளியில படிப்பிக்கிறதால சொந்தக்காரர் எல்லாரும் உப்பிடிக் கேள்வியை என்னட்டத்தான் கொண்டு வருவினம். உனக்கு முன்னாலதானே உன்ர மகள் அரை மணித்தியாலம் ஒரு சென்சரி ரோயோட விளையாடினவள், அந்தத் தட்டத்தோட, எண்டு சொன்னன். பகிடி விடுறன் எண்டு நினைச்சாள். பிறகு இருந்து விளங்கப்படுத்தினதைத்தான் கொஞ்சம் கூடக்குறைய இங்க எழுதிறன்.

சென்சரி எண்டா புலன், ரோய்ஸ் எண்டா விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான். ஆனா புலன் ஐஞ்சு எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சதோட நிண்டா இந்த விசயம் பாதிதான் விளங்கும். கண், காது, மூக்கு, நாக்கு, தோல், இதோட இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்டு உடம்பு எந்தப் பக்கம் சரியுது, சுத்துது, ஆடுது எண்டு சொல்லுறது, அது உள்காதில இருக்கு, ஏணையில போட்டு ஆட்டினா பிள்ளை அடங்கிறது இதாலதான். மற்றது தசையும் மூட்டும் சொல்லுற செய்தி, கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச்சொன்னா தொடுறம்தானே, கை எங்க நிக்குது எண்டு பாக்காமலே தெரியிறது, அது. தவழுற பிள்ளை ஒரு தண்ணிப் போத்திலைத் தள்ளிக்கொண்டு போகேக்கயும் வாளியைத் தூக்கேலாமத் தூக்கேக்கயும் இந்தப் புலன்தான் பழகுது. பிறக்கேக்க இந்த ஏழும் இருக்கு, ஆனா ஒண்டோடொண்டு வடிவாச் சேர்ந்து வேலை செய்யத் தெரியாது. கண்டதைக் கையால எட்டிப் பிடிக்கிறதும், கேட்ட பக்கம் தலையைத் திருப்பிறதும், பிடிச்சதை வாய்க்குக் கொண்டுபோறதும் ஒவ்வொண்டா, திரும்பத் திரும்பச் செய்து பழகிறதுதான். அதுக்கு ஒரு சாமான் துணையா இருந்தா அது சென்சரி ரோய். பெட்டியில அந்தப் பேர் அடிச்சிருக்கோ இல்லையோ எண்டது வேற கதை, கடைக்காரர் இப்ப எல்லாத்திலயும் அடிக்கினம்.

நல்லதோ கூடாதோ எண்டு பிரிக்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கிறனான், இந்தச் சாமானோட விளையாடேக்க ஆர் வேலை செய்யினம், பிள்ளையோ சாமானோ? தட்டத்தைப் பாருங்கோ. அவள் இழுத்தாள், அது சத்தமாப் பதில் சொல்லிச்சுது. மெல்ல இழுத்தா மெல்லச் சத்தம், கெதியா இழுத்தா பெரிய சத்தம், விட்டா சத்தமே இல்லை. நான் ஒண்டு செய்தா உலகத்தில ஒண்டு நடக்குது எண்டது ஏழு மாசப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இப்ப மற்றப் பக்கம், பற்றரி போட்ட ஒரு பிளாஸ்ரிக் யானை. ஒரு பட்டினை அமத்தினா லைற் அடிக்குது, ஏ பி சி சொல்லுது, பாட்டுப் பாடுது, தலையை ஆட்டுது. பிள்ளை மெல்ல அமத்தினாலும் உதுதான், குத்தினாலும் உதுதான். கொஞ்ச நேரத்தால பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பாக்குது, யானை விளையாடுது.

இது என்ர சொந்த எரிச்சல் மட்டுமில்லை. 2016 இல வந்த ஒரு ஆராய்ச்சியில, அமெரிக்காவில 10 தொடக்கம் 16 மாசப் பிள்ளையளையும் பெற்றாரையும் சோடி சோடியா, 26 சோடி, ஒருக்கா பற்றரி ரோய்ஸோட, ஒருக்கா சாதாரண மரக்கட்டை, அடுக்கிற சாமான் மாதிரியானதுகளோட, ஒருக்காப் படப் புத்தகத்தோட விளையாட விட்டுப் பதிஞ்சு பாத்தவை. பற்றரி ரோய் இருக்கேக்க பெற்றார் பிள்ளையோட கதைச்ச சொல்லு குறைவு, படப் புத்தகத்தோட பாக்கேக்க பிள்ளை திருப்பி ஊங்கொட்டினதும் குறைவு. ஏனெண்டா ரோய் கதைக்கேக்க அம்மா வாய் மூடிறா, இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை எண்டு நீங்கள் சொல்லுவீங்கள், எங்கட வீட்டில ரீவி ஓடேக்க ஆர் கதைக்கினம்.

சரி, வயசுக்கு வயசு பாப்பம். மாசக் கணக்கைக் கல்லில வெட்டின மாதிரி எடுக்காதேங்கோ, ஒரு பிள்ளை நாலில செய்யிறதை இன்னொண்டு ஐஞ்சரையில செய்யும், குறை மாசத்தில பிறந்த பிள்ளை எண்டா அந்தக் குறைஞ்ச கிழமையளையும் கழிச்சுத்தான் எண்ணோணும்.

பிறந்த பிள்ளைக்கு ஒரு முழம் தூரத்துக்கு அங்கால எல்லாம் புகார் அடிச்ச மாதிரித்தான். வடிவாத் தெரியிறது 20, 30 சென்ரிமீற்றருக்குள்ள இருக்கிறது, பால் குடிக்கேக்க அம்மாவின்ர முகம் இருக்கிற தூரம் கிட்டத்தட்ட அதுதான். நிறத்தையும் முதல் மாசங்களில பெரிசாப் பிரிக்கத் தெரியாது, எதிரும் புதிருமான கறுப்பு வெள்ளைதான் கண்ணை இழுக்கும். அதாலதான் கறுப்பு வெள்ளைக் காட் எண்டு காசுக்கு விக்கினம். பழைய கலண்டர் மட்டையின்ர பின்பக்கத்தில மாக்கரால தடிச்ச கோடு, வட்டம், ரெண்டு கண்ணும் வாயும் வைச்ச முகம் எண்டு கீறி, பிள்ளை குப்புறக் கிடக்கேக்க பாயில முன்னால நிப்பாட்டி விடுங்கோ, சரி. குப்புறக் கிடக்கிறது எண்டதும் ஞாபகம் வருது, தவழத் தொடங்காத பிள்ளையை முழிச்சிருக்கேக்க, நாங்கள் பக்கத்தில இருக்கேக்க, ஒரு நாளைக்குச் சேர்த்துப் பாத்தா 30 நிமிசமாவது குப்புற விடோணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019 இல சொல்லியிருக்கு. ஒரேயடியா இல்லை, ரெண்டு நிமிசம் மூண்டு நிமிசமாப் பிரிச்சு. நாள் முழுக்க ஏணைக்கயே கிடக்கிற பிள்ளைக்குக் கழுத்தும் தோளும் எங்க பலப்படப்போகுது. ஏணை கூடாது எண்டு சொல்லேல்ல, அம்மம்மா ஆக்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

மூண்டு நாலு மாசத்தில கை முழிக்கும். அதுக்கு முதல் கையில எதை வைச்சாலும் தன்பாட்டில இறுக்கிப் பிடிக்கும், ஆனா அது பிள்ளை நினைச்சுப் பிடிக்கிறதில்லை. இப்பதான் எட்டிப் பிடிக்கப் பாக்கும், தவறும், திருப்பிப் பாக்கும். கிலுகிலுப்பைக்குக் காலம் இது. மெல்லிசா, பாரமில்லாம, பிள்ளையின்ர உள்ளங்கை சுத்திப் பிடிக்கக்கூடிய பிடியோட இருக்கோணும். எங்கட பனையோலைக் கிலுகிலுப்பையை விட இதுக்கு வாய்ப்பான சாமானை நான் இன்னும் காணேல்ல, காத்துப் போல பாரம், கடிச்சாச் சொரசொரப்பு, ஆட்டினா மெல்லிய சத்தம், ஓலைக்கெண்டு ஒரு வாசம் வேற. ஆனா ரெண்டு விசயம். ஒண்டு, சாயம் போடாத வெள்ளோலையில இழைச்சதாக் கேட்டு வாங்குங்கோ, எச்சில் பட்டா அந்தச் சிவப்பும் பச்சையும் வாய்க்கதான் போகும். மற்றது, உள்ளுக்க என்ன போட்டிருக்கினம் எண்டு கேளுங்கோ. சில இடங்களில குண்டுமணி போடுவினம். சிவப்பும் கறுப்புமா வடிவான கொட்டைதான், ஆனா அதுக்குள்ள இருக்கிறது கொடிய நஞ்சு, ஓடு உடைஞ்சோ துளை போட்டோ இருந்து பிள்ளை கடிச்சுதெண்டா உயிருக்கே ஆபத்து. ஓலை எண்டைக்கோ ஒரு நாள் பிரியும்தானே. பிரிஞ்சு நார் நாரா வரத் தொடங்கினா எறிஞ்சுபோட்டு அடுத்ததை எடுங்கோ.

ஆறு மாசமளவில ஒரு கையில இருக்கிறதை மற்றக் கைக்கு மாத்தப் பழகும், எல்லாத்தையும் வாய்க்க வைக்கும். அடிக்காதேங்கோ, "ச்சீ" எண்டு பறிக்காதேங்கோ. அந்த வயசில விரலை விட உதடும் நாக்கும்தான் கூடச் சொல்லும், சாமான் மெத்தையோ கல்லோ, குளிரோ சூடோ, விளிம்பு எங்க முடியுது எண்டெல்லாம் பிள்ளை வாயாலதான் அளக்குது. அதால இந்த வயசுக்கு வாங்கிற சாமான் எல்லாத்தையும் "இது வாய்க்க போகும்" எண்ட நினைப்போடயே பாருங்கோ. கழுவேலுமோ, கொதிதண்ணி தாங்குமோ, பெயின்ற் உரியுமோ? கடிக்கிறதுக்கெண்டு விக்கிற சிலிக்கோன் வளையம் பரவாயில்லை, உள்ளுக்க தண்ணி அடைச்சது வேண்டாம், பல்லு வந்த பிள்ளை ஓட்டை போட்டிடும். சுத்தமான துவாய்த் துண்டை நனைச்சுப் பிரிட்ஜில கொஞ்சம் குளிர வைச்சுக் குடுத்தாலும் முரசு ஊறலுக்கு அது போதும். கழுத்தில மாலை மாதிரிக் கட்டிற கடிமணி வேண்டவே வேண்டாம், நித்திரையில இறுக்கும். அதோட சேர்த்து ஒண்டு, பஞ்சாயுதம் போட்ட கயிறும் அப்பிடித்தான், போடாதேங்கோ எண்டு சொன்னா ஆர் கேக்கப்போயினம், நித்திரைக்காவது கழட்டி வையுங்கோ.

எட்டு ஒன்பது மாசத்தில ஒரு அருமையான மாற்றம் நடக்கும். அதுக்கு முதல் பந்தைத் துவாயால மூடினா பந்து உலகத்திலயே இல்லை எண்ட மாதிரி விட்டிடும். இப்ப துவாயை இழுத்துப் பாக்கும். கண்ணுக்குத் தெரியாட்டியும் சாமான் இருக்கு எண்டு மனசு பிடிச்சுக்கொண்டிட்டுது. சுவிஸ் நாட்டு பியாஜே எண்டவர் தன்ர பிள்ளையளை இருந்து கவனிச்சுத்தான் இதைப் பெரிசா எழுதினவர். இந்த நேரத்தில விலை கூடின ஒண்டும் தேவையில்லை, மூடி உள்ள பெட்டி, பழைய துவாய், யோகட் கப் ரெண்டு மூண்டு, உள்ள போடுறதும் வெளியில எடுக்கிறதும்தான் பிள்ளையின்ர முழுநேர உத்தியோகம். கதவுக்குப் பின்னால ஒளிச்சு "ஆ!" எண்டு வாற விளையாட்டும் இதுதான். இதே காலத்திலதான் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சோத்துப் பருக்கையை நுள்ளி எடுக்கப் பழகும், அதால நிலத்தில கிடக்கிற எல்லாச் சின்னச் சாமானுக்கும் இண்டையில இருந்து ஆபத்து, இல்லை, பிள்ளைக்கு ஆபத்து.

ஒரு வயசுக்குப் பிறகு எறியும். நாங்கள் எடுத்துக் குடுப்பம், திருப்பி எறியும், எங்களுக்கு முதுகு நோகும். குழப்படி இல்லை உது, பாரம், தூரம், சத்தம் எல்லாத்தையும் சோதிக்குது. துணிப்பந்து நாலைஞ்சு செய்து ஒரு கடகத்துக்க போட்டுக் குடுங்கோ, எறியிறதை எறியட்டும், பழைய சீலை, சாரம், சணல் சாக்கு, வெல்வெற் எண்டு ஒவ்வொரு பந்தையும் ஒவ்வொரு துணியில தைச்சா தொடுகைக்கும் அது வேலை செய்யும். ஒண்டுக்க ஒண்டு வைக்கிற கிண்ணங்கள், அடுக்கித் தட்டிற கட்டைகள், இழுத்துக்கொண்டு போற வண்டில், எல்லாம் இந்த வயசுச் சாமான். கட்டைக்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. தச்சு வேலை செய்யிற ஆரிட்டயாவது முதிரையோ பாலையோ வேம்போ, மிஞ்சின துண்டுகளைக் கேளுங்கோ, எங்கட பக்கம் மரத்துக்கா பஞ்சம். பிள்ளையின்ர கைப்பொத்தியை விடப் பெரிசா வெட்டி, மூலை எல்லாம் அரத்தாளால உருட்டி, பெயின்ற் வார்னிஷ் ஒண்டும் பூசாம, வேணுமெண்டா ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசி விடுங்கோ. சிரட்டையையும் அப்பிடி வடிவாச் சுரண்டி மினுக்கினா ரெண்டு சிரட்டை போதும், தட்டினா தாளம், கவிட்டு வைச்சா வீடு, தண்ணி அள்ளினா பேணி.

தண்ணியும் மண்ணும் பற்றி நான் கொஞ்சம் கூடவே சொல்லுவன், ஏனெண்டா காசு குடுத்து சென்சரி பின் எண்டு அரிசியும் கலர் மணலும் பெட்டியில அடைச்சு வாங்கிற ஊர்களை விட எங்களிட்ட அது வாசலிலயே கிடக்கு. ஒன்றரை ரெண்டு வயசில ஒரு பேசினுக்க ரெண்டு கோப்பை தண்ணி, ஒரு பேணி, ஒரு வடி, ஒரு துணித்துண்டு குடுத்துப் பாருங்கோ, ஊத்தும், பிழியும், தட்டும், ஒரு மணித்தியாலம் போகும். ஆனா பக்கத்தில இருங்கோ, ரெண்டு அங்குலத் தண்ணியும் விழுந்த பிள்ளைக்குக் காணும், போன் அடிச்சாலும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கோ, முடிய உடன தண்ணியை ஊத்தி விடுங்கோ. கட்டில்லாத கிணறு இருக்கிற வளவெண்டா முதல் ரோய் வாங்கிற காசில கிணத்துக்கு வேலி போடுங்கோ எண்டுதான் சொல்லுவன். மண் எண்டா நாய் பூனை போகாத இடத்து மண்ணா, மழைக்குப் பிறகு செருப்போட, விளையாடி முடிய சவுக்காரம் போட்டுக் கை கழுவி. இன்னொண்டும் எங்கட ஊருக்கே உரிய பிரச்சினை, தம்பிக்கு விளையாட எண்டு மூத்த பிள்ளையள் காணிக்க கிண்டி எடுத்துக்கொண்டு வாற இரும்புச் சாமான். மிதிவெடி அகற்றின இடமெண்டாலும் தெரியாத இரும்பைத் தொடக்கூடாது, ஆமிக்காரருக்கோ பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லோணும் எண்டு மூத்ததுகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கோ.

இப்ப கடைக்கு வருவம். வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனா கச்சான் கடைக்குப் பக்கத்திலயே ரோய்க் கடை, பிள்ளை கையை நீட்டி அழும், நாங்களும் வாங்கிக் குடுத்திட்டு அடுத்த கையில கச்சானைக் குடுப்பம். ரெண்டும் ஒரே ஆபத்துத்தான். மூண்டு வயசுக்குக் கீழ பிள்ளையின்ர தொண்டையில போய் அடைக்கக்கூடிய அளவுக்கு உலகத்தில ஒரு அளவு இருக்கு, 3 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட விட்டமுள்ள ஒரு குழாய், அதுக்குள்ள முழுசாப் போற எதுவும் கூடாது எண்டு ரோய்ஸைப் பரிசோதிக்கினம். எங்களுக்கு அந்தக் குழாய் எங்க, ரொயிலட் பேப்பரின்ர நடு மட்டைக் குழாய் இருக்குதானே, அது இன்னும் கொஞ்சம் பெரிசு, அதுக்குள்ளால விழுற சாமான் மூண்டு வயசுக்குக் கீழ வேண்டாம் எண்டு வைச்சா பிழைக்காது. புளியங்கொட்டை, மஞ்சாடி, மாபிள், போத்தில் மூடி எல்லாம் விழும். பொம்மையின்ர கண்ணை இழுத்துப் பாருங்கோ, சில்லைப் பிடிச்சுத் திருகிப் பாருங்கோ, கடைக்காரர் முழிசுவார், முழிசட்டும். இழுக்கிற வண்டிலில கயிறு ஒரு சாணை விட நீளமெண்டா வெட்டிக் கட்டுங்கோ.

பெட்டியில ஒரு வட்டத்துக்க 0-3 எண்டும் ஒரு முகமும் போட்டுக் குறுக்கால சிவப்புக் கோடு இருந்தா, மூண்டு வயசுக்குக் கீழ குடுக்கக்கூடாது எண்டு அர்த்தம். கனபேர் இதை "கெட்டிக்காரப் பிள்ளையெண்டா குடுக்கலாம்" எண்டு நினைக்கினம். கெட்டித்தனத்துக்கும் உதுக்கும் சம்பந்தமே இல்லை, கழண்டு வாற சின்னத் துண்டு இருக்கு எண்டதைத்தான் பெரும்பாலும் அது சொல்லுது.

பற்றரியில ரெண்டாயிரம் ரூவாச் சாமானிலயும் இருநூறு ரூவாச் சாமானிலயும் இப்ப காசு மாதிரி வட்டப் பற்றரிதான் வருது. அதுதான் எனக்குப் பெரிய பயம். விழுங்கின பிள்ளையின்ர சாப்பாட்டுக் குழாயில சிக்கினா எச்சிலோட சேர்ந்து கரண்ட் ஓடி ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே சதையைச் சுட்டு ஓட்டை போடத் தொடங்கும், வெளியில பிள்ளை சும்மா சளி மாதிரி இருமும், அவ்வளவுதான் தெரியும். துணுக்காயில இருந்தோ ஒட்டுசுட்டானுக்கு உள்பக்கம் இருந்தோ பெரியாஸ்பத்திரிக்குப் போகவே எவ்வளவு நேரம் எண்டு உங்களுக்குத் தெரியும். அதால பற்றரிப் பெட்டிக்குத் திருகாணி இல்லாத சாமானை வாங்கவே வாங்காதேங்கோ. விழுங்கினதாச் சந்தேகம் எண்டாலே சத்தி எடுக்கப் பண்ணாம உடன 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, இல்லாட்டிக் கிடைச்ச வாகனத்தில வெளிக்கிடுங்கோ, காலமை பாப்பம் எண்டு இருக்காதேங்கோ. சின்னக் காந்தமும் அப்பிடித்தான், ரெண்டை விழுங்கினா குடலுக்கு ரெண்டு பக்கமும் நிண்டு இழுத்துக் குடலையே துளைச்சிடும். தண்ணியில போட்டா ஊதிற கலர் முத்துக்களையும் சென்சரி எண்டு விக்கினம், வயித்துக்க போயும் அது ஊதும், குடலை அடைக்கும், வீட்டில சின்னப்பிள்ளை இருந்தா மூத்த பிள்ளைக்கும் வாங்கிக் குடுக்காதேங்கோ.

மணத்தையும் பாருங்கோ. பெட்டியைத் திறக்க மண்ணெண்ணெய் மாதிரிக் குப்பெண்டு அடிக்கிற மெத்துப் பிளாஸ்ரிக்கைத் திருப்பிக் குடுத்திடுங்கோ. பிளாஸ்ரிக்கை மெதுவாக்கிறதுக்குச் சேக்கிற சில மருந்துகள் பிள்ளையளுக்குக் கூடாது எண்டு ஐரோப்பாவில 2005 இலயே நூத்துக்கு 0.1 பங்குக்கு மேல போடக்கூடாது எண்டு சட்டம் போட்டிட்டினம். உரிஞ்சு வாற பெயின்ற்றில ஈயம் இருந்தா அது மூளையைத் தாக்கும், எவ்வளவு குறைவெண்டாலும். சத்தத்துக்கு ஒரு லேசான சோதனை, ரோயை உங்கட சொந்தக் காதுக்குக் கிட்டப் பிடியுங்கோ, உங்களுக்குக் குத்தினா பிள்ளைக்கும் குத்தும், பிள்ளை அதைக் காதோட சேர்த்துத்தான் பிடிக்கும். ஏற்கனவே வாங்கியாச்செண்டா ஸ்பீக்கர் ஓட்டைக்கு மேல ரேப் ஒட்டுங்கோ.

வோக்கர். இதை எழுதினா கனபேர் கோவிப்பினம், எண்டாலும். சில்லுப் பூட்டின கதிரைக்க இருத்தி விடுற வோக்கர் நடக்கப் பழக்காது. பிள்ளை அதுக்க கால் நுனியால உந்துதே ஒழிய தன்ர பாரத்தைத் தான் தாங்கேல்ல, விழுந்து எழும்பேல்ல, தன்ர காலையே காணேல்ல. படியால உருளுறது, அடுப்படிக்கு ஒரு நொடியில போறது வேற. கனடாவில 2004 இல இருந்து அதை விக்கிறதே தடை, ஆனா அங்க இருந்து காசு அனுப்பிற மாமாமார்தான் "பிள்ளைக்கு வோக்கர் வாங்குங்கோ" எண்டு சொல்லி அனுப்புவினம். அந்தக் காலத்து மூண்டு சில்லு மர நடைவண்டில் நூறு மடங்கு மேல், பிள்ளை தானா எழும்பிப் பிடிச்சு, தன்ர காலில நிண்டு, தன்ர பலத்தில தள்ளுது. ஆர் வேலை செய்யினம் எண்டு கேட்டால் விடை கண்ணுக்கு முன்னால நிக்குது.

போனும் அப்பிடித்தான். கண்ணுக்கு வெளிச்சம், காதுக்குச் சத்தம், மற்ற ஐஞ்சு புலனும் சும்மா இருக்கும். அதே 2019 வழிகாட்டலில ரெண்டு வயசுக்குக் கீழ திரையே வேண்டாம், ரெண்டு தொடக்கம் நாலு வயசுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம் எண்டு இருக்கு. சோறு தீத்தேக்க போன் குடுக்கிறம், எனக்கும் தெரியும், நானும் குடுத்தனான், அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை பிடிப்பம்.

எத்தினை வாங்கிறது எண்டு தங்கச்சி கேட்டாள். குறைய. 2018 இல வந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சியில ஒன்றரை தொடக்கம் ரெண்டரை வயசுப் பிள்ளையள் 36 பேரை ஒருக்கா நாலு ரோயோடயும் ஒருக்கா 16 ரோயோடயும் விட்டவை, நாலு இருக்கேக்கதான் ஒவ்வொண்டோடயும் கன நேரம், கன விதமா விளையாடினவை. பார்சலில ஒரேயடியா இருபது சாமான் வந்தாலும் நாலை வெளியில விட்டுட்டு மிச்சத்தை அலுமாரிக்க வையுங்கோ, ரெண்டு கிழமையால மாத்துங்கோ, பிள்ளைக்கு எல்லாம் புதுசு. சில பிள்ளையள் சத்தமும் வெளிச்சமும் கொஞ்சம் கூடினாலே தலையை மற்றப் பக்கம் திருப்பும், முதுகை வளைக்கும், விரலை அகட்டும், கொட்டாவி விடும். உது "போதும்" எண்டு சொல்லுற பாஷை. உடன எல்லாத்தையும் எடுத்து வைச்சுப்போட்டுத் தோளில போட்டுக்கொண்டு விறாந்தையில நடவுங்கோ. நித்திரை கொள்ளேக்க முதல் ஒரு வருசம் பஞ்சுப் பொம்மை, தலாணி ஒண்டும் பக்கத்தில வேண்டாம், மூக்கை அடைக்கும்.

விளையாடேக்க பிள்ளையையும் ஒரு கண் பாருங்கோ, ரோய்ஸ் அதுக்கும் உதவும். மூண்டு நாலு மாசத்திலயும் முகத்தையோ சாமானையோ கண்ணால பின்தொடராட்டி, கிலுகிலுப்பைச் சத்தத்துக்கு ஒரு அசைவும் இல்லாட்டி, எப்பவும் ஒரு கையை மட்டும் பாவிச்சு மற்றதை மூடியே வைச்சிருந்தா, ஒன்றரை வயசிலயும் வேணுமெண்டதை விரலால சுட்டிக் காட்டாட்டி, முந்திச் செய்தது எதையாவது விட்டிட்டா, அடுத்த ரோய் வாங்காதேங்கோ, வீட்டுக்கு வாற மிட்வைஃப் மிஸ்ஸிட்டச் சொல்லுங்கோ. ஊசிக்குக் கிளினிக் போகேக்க கொண்டுபோற பிள்ளையின்ர கார்ட்டிலயும் எந்த மாசத்தில என்ன செய்யோணும் எண்டு போட்டிருக்கு, நிறை கீறின பக்கத்தை மட்டும் பாத்திட்டு மூடாம அந்தப் பக்கத்தையும் திறவுங்கோ. "அவன்ர தேப்பனும் பிந்தித்தான் கதைச்சவன்" எண்டு ஆரும் சொன்னா, சொல்லட்டும், நீங்கள் போய்க் காட்டுங்கோ.

தங்கச்சி செற் எடுக்கேல்ல. ரெண்டு ஓலைக் கிலுகிலுப்பையும் ஒரு அடுக்குக் கிண்ணமும் வாங்கினவள். பித்தளைத் தட்டத்தை அம்மா சாமியறைக்க எடுத்து வைச்சிட்டா, பிள்ளை இப்ப அந்தக் கதவடியில போய் இருந்து தட்டிக்கொண்டிருக்காம்.